மணல் தோட்டத்துப் பழமரங்களுக்கு மெதுவாகக் கரையும் உரம்: பாம்பன் தாண்டி ஒரு பயணம்

சென்ற ஆண்டு மாசி மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு எலுமிச்சை, ஒரு சப்போட்டா, மூன்று தென்னை உள்ளன. தை மாதம் அம்மா உரம் வைத்தார். அதன் பிறகு எலுமிச்சை இலையெல்லாம் ஓரம் கருகிக் கொட்டுகிறது. நகரத்து நர்சரியில் ஆறு மாதம் மெதுவாகக் கரையும் உரம் என்று டப்பாவில் விற்கிறார்கள். அதை வாங்கிப் போட்டால் மரம் பிழைக்குமா?’ இதுதான் கேள்வி.

நான்கு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால், மண்ணையும் தண்ணீரையும் பார்க்காமல் கடற்கரைத் தோட்டத்துக்குப் பதில் சொல்வது சரியல்ல. இந்தத் தப்பை நான் ஒரு முறை செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணற்பாங்கான ஒரு ஊரில், தென்னங்கன்றுகளுக்கு ஒரு வருடத்துக்கான உரத்தைப் புரட்டாசியிலேயே மொத்தமாக வைக்கச் சொன்னேன். ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. கன்றுகள் மஞ்சளாகவே நின்றன. ‘சார், நீங்க சொன்ன உரம் மரத்துக்குப் போகல, கிணத்துக்குப் போயிருச்சு’ என்றார் அந்த விவசாயி. அவர் கோபத்தில் சொன்னது விஞ்ஞானப்படியும் சரியாக இருந்தது. அதனால், இந்த முறை பஸ் ஏறிவிட்டேன்.

சக்கரக்கோட்டைக் கண்மாய் ஓரத்தில்

ராமநாதபுரத்தை விட்டுக் கிளம்பினால் சிறிது தூரத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய் வந்துவிடும். அன்று அறுவடை முடிந்த வயலில் ஒரு ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை ரகச் செம்மறிகள். நம் மாவட்டத்துக் கீதாரிகள் கோடையில் தஞ்சாவூர்ப் பக்கம் வரை ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கிடை போடுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. வயலுக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல், கீதாரிக்குக் கூலி.

கிடையில் கிடந்த ஒரு கைப்பிடி புழுக்கையை அள்ளிப் பார்த்தேன். உருண்டையாக, மேலே கெட்டியாக, உள்ளே பொலபொலவென்று இருந்தது. வெளிநாட்டுக்காரன் உரத்தைக் குருணையாக்கி மேலே ஒரு பூச்சுப் பூசி ‘மெதுவாகக் கரையும் உரம்’ என்று விற்கிறான். ஆடு அதைத் தினமும் இலவசமாகப் போடுகிறது. காய்ந்த ஆட்டெருவில் சுமார் 3 சதவிகிதம் தழைச்சத்து, 1 சதவிகிதம் மணிச்சத்து, 2 சதவிகிதம் சாம்பல் சத்து உண்டு. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவிகிதம்தான்.

‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எந்த எரு எவ்வளவு நாளில் சத்தை விடும் என்ற கணக்குதான் அது. யூரியா சில நாட்களில் கரையும். ஆட்டெரு சில மாதங்களில் விடும். மாட்டெரு அடுத்த வருடம் வரை இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கீதாரியிடம் இரண்டு சாக்கு எரு கிடைக்குமா என்று கேட்டு வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

உச்சிப்புளியும் மண்டபமும்

உச்சிப்புளி வரும்போதே மண் நிறம் மாறிவிடும். சாலையின் இரண்டு பக்கமும் தென்னையும் பனையும் மணலில் நிற்கும். அங்கே ஒரு தோப்பில் இறங்கினேன். மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்தில் வட்டமாக வாய்க்கால் போல் தோண்டி, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மணலைப் போட்டு மூடியிருந்தார்கள். மட்டை, தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். மட்கும்போது அதிலுள்ள சாம்பல் சத்தும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு முறை புதைத்தால் ஐந்து ஆறு வருடங்களுக்குப் பலன் உண்டு. மணலுக்கு இதைவிட மலிவான ‘மெதுவாகக் கரையும்’ வைத்தியம் இல்லை.

மண்டபத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. கரையில் ஒதுங்கும் பாசியைத் தென்னைக்கு எருவாகப் போடும் பழக்கம் கடலோர ஊர்களில் உண்டு. பாசியில் சாம்பல் சத்தும் நுண்சத்துகளும் இருக்கின்றன. ஆனால், அப்படியே கொண்டுவந்து போட்டால் உப்பும் சேர்ந்து வரும். ஒதுங்கிய பாசியை மேட்டில் குவித்து, ஒரு மழைக்காலம் முழுவதும் நனையவிட்டு, உப்பு வடிந்த பிறகுதான் மரத்துக்குப் போக வேண்டும். மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே போய்ப் பாசியோ, சிப்பியோ, பவளப்பாறையோ எடுப்பது குற்றம். கரையில் ஒதுங்கியது போதும்.

மீன் கழிவு, இறால் ஓடு ஆகியவையும் இங்கே எளிதாகக் கிடைக்கும். இறால் ஓடு மெதுவாகச் சிதைந்து தழைச்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் கொடுக்கும். பச்சையாக இருந்தால் ஒரு அடி ஆழத்தில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். உப்புப் போட்ட கருவாட்டுக் கழிவை மட்டும் எந்தப் பழமரத்துக்கும் வைக்கக் கூடாது.

கொல்லையில் நடந்தது என்ன?

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது பயணிகள் எல்லோரும் ரயில் பாலத்தைப் பார்க்கத் திரும்பினார்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டு, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் நிற்கிறது. இந்தச் சாலைப் பாலம் 1988-ல் வந்தது. அதற்கு முன் தீவுக்கு ஒரு மூட்டை உரம் போவதென்றாலும் ரயிலோ படகோதான்.

தங்கச்சிமடத்தில் இறங்கினால் மல்லிகை நாற்று வாசம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் மல்லிகைப் பதியன் இந்த ஊரிலிருந்துதான் போகிறது. மணலில் வேர் தடையில்லாமல் ஓடும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. மணல் கெட்ட மண் அல்ல. அது எதையும் சேர்த்து வைக்காத மண், அவ்வளவுதான்.

வாசகரின் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். அவருடைய அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. எலுமிச்சைக்கு வயது பதினைந்து. ‘இந்த மரத்துக் காயை வித்துத்தான் சார், இவங்க அப்பா இறந்தப்ப கைச்செலவுக்குச் சமாளிச்சேன். போன வருஷம் காய் குறைஞ்சுபோச்சு. பசிக்குது போலன்னு நெனச்சு ரெண்டு கிலோ காம்ப்ளக்ஸ் வாங்கித் தூர்லயே கொட்டித் தண்ணி ஊத்துனேன். பசிக்கிற பிள்ளைக்குச் சோறு போட்டது தப்பா?’ என்று கேட்டார்.

‘தப்பில்லம்மா. ஆனா ஒரு வருஷச் சோத்த ஒரே வேளையில ஊட்டிட்டீங்க’ என்றேன்.

கையோடு கொண்டுபோன கருவியில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். உப்பின் அளவு 2.4 டெசிசைமன் காட்டியது. தென்னையும் சப்போட்டாவும் இதைத் தாங்கும். எலுமிச்சை தாங்காது. உரமும் ஒரு வகை உப்புதான். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் குடிக்கும் மரத்தின் தூரில் இன்னும் இரண்டு கிலோ உப்பைக் கொட்டினால், வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். ஈரம் இருந்தும் மரம் தாகத்தில் நிற்கும். இலை ஓரம் கருகியது அதனால்தான். காம்ப்ளக்ஸில் இருக்கும் சாம்பல் சத்து பெரும்பாலும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷிலிருந்து வருவது. அதில் குளோரைடு உண்டு. தென்னைக்குக் குளோரைடு பிடிக்கும், எலுமிச்சைக்கும் மாவுக்கும் ஆகாது.

மரத்தின் நுனி இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளுத்து இருந்தன. இது இரும்புச்சத்துக் குறைபாடு. கையில் அள்ளிய மணலில் சிப்பித் துகள் மின்னியது. சுண்ணாம்பு மிகுந்த இந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. இதே காரணத்தால்தான், மெதுவாகக் கரையும் என்று பலரும் சொல்லும் எலும்புத்தூளையும் ராக் பாஸ்பேட்டையும் இங்கே நான் சிபாரிசு செய்வதில்லை. அவை புளிப்பு மண்ணில்தான் கரையும். சிப்பி மணலில் வருடக்கணக்கில் கல்லாகவே கிடக்கும்.

மரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே பத்தடிகூட இல்லை. வீட்டுக்குள் மகளின் கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது. ‘குடிக்கவும் இந்தத் தண்ணிதானா?’ என்று கேட்டேன். ‘குழாயில காவிரித் தண்ணி வரும். வராத நாள்ல இதக் கொதிக்க வச்சுப் பால்மாவு கரைப்போம்’ என்றார். எலுமிச்சையை விடப் பெரிய விஷயம் இதுதான் என்று அப்போது தோன்றியது.

தீவின் தண்ணீர் எங்கே இருக்கிறது?

அன்று மாலை தனுஷ்கோடி வரை போனேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மீனவக் குடும்பங்கள் மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தத்திலும் கடலுக்குள்ளேயே நன்னீர் கிடைக்கிறது. ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன.

காரணம் இதுதான். மணலில் இறங்கும் மழைநீர், கடல் நீரை விட எடை குறைந்தது. அது உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் போல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால், கீழேயிருந்து கடல் மேலே ஏறிவிடும்.

இந்த மழைநீர்தான் தீவுக் கிணறுகளுக்கு ஊற்று. நாம் தூரில் கொட்டும் உரத்தில் மரம் எடுத்தது போக மிச்சம் போய்ச் சேருமிடமும் அதுவே. யூரியா சில நாட்களில் அமோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறும். களிமண் அமோனியத்தைப் பிடித்து வைக்கும். மணல் பிடிக்காது. நைட்ரேட்டை எந்த மண்ணும் பிடிக்காது. ஒரு கனமழை போதும், நேராகக் கிணற்று நீருக்குப் போய்விடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஓடுவது குறைந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் கூடும். எனவே, மறுநாளே கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னேன். முடிவு வரும் வரை குழந்தைக்குக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

டப்பா உரம் வாங்கலாமா?

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். பூச்சுப் பூசிய குருணை உரம் ஏமாற்று இல்லை. தொட்டிச் செடிக்கு நல்லது. ஆனால், டப்பாவில் ‘6 மாதம்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. ராமேஸ்வரத்து மணல் வெயிலில் அது வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய மரத்துக்கு அந்த விலை கட்டாது.

நம் கடையில் கிடைக்கும் யூரியா ஏற்கெனவே ஓரளவு மெதுவாக வேலை செய்வதுதான். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வேம்பு மந்தப்படுத்துகிறது. 2023-ல் கந்தகம் பூசிய யூரியாவும் அறிமுகமானது. அதில் 37 சதவிகிதம் தழைச்சத்தும் 17 சதவிகிதம் கந்தகமும் உண்டு. ஆனால், எதையும் மொத்தமாகக் கொட்டினால் மணல் தாங்காது.

ஆறு வயதுக்கு மேற்பட்ட எலுமிச்சைக்கு வருடத்துக்குத் தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல் சத்து 300 கிராம் சிபாரிசு. உரமாகவே வைத்தால் யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1.25 கிலோ, பொட்டாஷ் அரை கிலோ வேண்டும். அந்த அம்மாவுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு வேறு:

காய்ந்த ஆட்டெரு 10 கிலோ. இதில் தழைச்சத்து சுமார் 300 கிராம் இருக்கும்.

வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ. இதில் சுமார் 200 கிராம்.

யூரியா 220 கிராம். மீதி 100 கிராமுக்கு இது போதும்.

சூப்பர் பாஸ்பேட் 400 கிராம். ஆட்டெருவோடு கலந்து ஒரு மாதம் நிழலில் வைத்துப் போட்டால், சுண்ணாம்பு அதை உடனே கட்டிப்போடாது.

சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 100 கிராம். மியூரியேட் வேண்டாம்.

எருவிலும் புண்ணாக்கிலும் உள்ளது முழுவதும் முதல் வருடமே கிடைக்காது. அடுத்த வருடமும் தொடரும். அதனால் பயப்பட வேண்டாம், வருடா வருடம் வைத்துவந்தால் கணக்கு நேராகிவிடும்.

எப்போது, எங்கே, எப்படி?

தூரில் எதையும் கொட்ட வேண்டாம். உச்சி வெயிலில் மரத்தின் நிழல் விழும் ஓரத்தில்தான் சத்தை உறிஞ்சும் வேர் இருக்கும். அங்கே நான்கு திசையிலும் முக்கால் அடி ஆழக் குழி எடுங்கள். புழுக்கையை மணல் மேலே போட்டால் காய்ந்து கல்லாகிவிடும். ஈரத்தில் புதைந்தால்தான் சத்தை விடும்.

எருவையும் புண்ணாக்கையும் பாதி ஆடியிலும் பாதி தையிலும் வையுங்கள். யூரியாவையும் பொட்டாஷையும் அடைமழைக்கு முன்னால் வைக்கவே வேண்டாம். மார்கழி பாதியில் மழை ஓய்ந்த பிறகு ஆரம்பித்து, மாதம் ஒரு கைப்பிடி என்று நான்கு ஐந்து தவணையாகக் கொடுங்கள். வைத்த அன்று நல்ல தண்ணீர் விடுங்கள். கிணற்றுப் பக்கம் உள்ள குழியில் எரு மட்டும் போதும்.

கண்மாய் வண்டல் கிடைத்தால் மரத்துக்கு நான்கு கூடை போடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து எடுக்கலாம். களி கலந்தால் மணலும் சத்தைப் பிடிக்கப் பழகும். அதன் மேல் தென்னை ஓலை, பனை ஓலை, சருகு எதையாவது நான்கு விரற்கடை மூடாக்குப் போடுங்கள். வெயிலில் ஈரம் ஆவியாகும்போதுதான் உப்பு மேலே வருகிறது. மூடாக்கு அதைத் தடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மரத்தைச் சுற்றி வரப்புக் கட்டி மழையைத் தேக்குங்கள். உப்பைக் கழுவ மழையை விட நல்ல மருந்து கிடையாது.

நுனி இலை வெளுத்தால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து மாலையில் இலை மேல் தெளியுங்கள். இலை நன்கு விரியும்போது தெளித்தால் பிடிக்கும்.

தென்னைக்குத் தனிக் கணக்கு. ஐந்து வயதுக்கு மேல் வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. வழக்கமாக இரண்டு தவணை சொல்வார்கள். வீட்டு மணலில் நான்காகப் பிரியுங்கள்.

ஒரு வருடம் கழித்து

கருகி நின்ற எலுமிச்சைக்கு அப்போதைக்கு உரமே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தூரில் மிச்சமிருந்த உரத்தை மேல் மணலோடு அள்ளி, கிணற்றைத் தாண்டி நிற்கும் தென்னைகளுக்குப் பிரித்துப் போட்டார்கள். குழாய்த் தண்ணீர் வந்த நாட்களில் குடம் குடமாக ஊற்றினார்கள். ஆடியில்தான் கீதாரியின் ஆட்டெரு போனது.

இந்தத் தை மாதம் மறுபடியும் போனேன். எலுமிச்சை முழுவதுமாகப் பிழைக்கவில்லை. உரம் கொட்டிய பக்கத்துக் கிளைகள் காய்ந்துபோனதால் வெட்டியெடுத்திருந்தார்கள். மறுபக்கம் புதுத்தளிர் பச்சையாக இருந்தது, ஐந்தாறு பிஞ்சுகளும் கண்ணில் பட்டன. சப்போட்டா நன்றாகவே காய்த்திருந்தது. தண்ணீர்ப் பரிசோதனையில் நைட்ரேட் அளவுக்குள்தான் இருந்திருக்கிறது, ஆனால் எல்லைக்குப் பக்கத்தில். குழந்தைக்கு இப்போது வாங்கிய குழாய்த் தண்ணீரை மூடி வைத்துக் கொடுக்கிறார்கள்.

எலுமிச்சை போய்விட்டால் என்ன வைப்பது என்று அந்த அம்மா கேட்டார். இந்தத் தண்ணீருக்கு இன்னொரு எலுமிச்சை வேண்டாம், இலந்தையோ சப்போட்டாவோ வையுங்கள் என்றேன். அவர் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இது இருக்குற வரைக்கும் இருக்கட்டும் சார். மாசம் ஒரு கைப்பிடி போட எனக்கு என்ன கஷ்டம்?’ என்றார்.

கடலோர வாசகர்கள் அடுத்த முறை பழமரத்துக் கேள்வி அனுப்பும்போது மூன்று தகவல்களைச் சேர்த்து எழுதுங்கள்: கிணற்றுத் தண்ணீரின் உப்பளவு, மரத்துக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம், கடைசியாக என்ன உரத்தை எவ்வளவு வைத்தீர்கள் என்பது. மண், தண்ணீர் பரிசோதனைக்கு ராமநாதபுரத்திலுள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தையோ அணுகலாம். அந்தச் சீட்டு கையில் இருந்தால், உங்கள் மரத்துக்கான கணக்கை வீட்டில் இருந்தபடியே போட்டுவிடலாம்.